மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. செய்துகொள்வதா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே அதற்கு முன் ஆறு வருடம் போனது. விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து தோழிகள், தோழிகளின் அக்காக்கள், அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர்கள்கூட என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஆள் மாறுவாரே தவிர கேள்வி மாறாது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. சர்ஜனை நச்சரித்துத் தெரிந்துகொண்டது, அப்புறம் படித்தது, என் உடம்பில் பார்த்தது, இவைதான் இதில் இருக்கின்றன.

இது அழகுக்காகப் பண்றதுதானே? உடம்புக்கு அவசியம்னு நிஜமா சொல்ல முடியுமா?

பிளாஸ்டிக் சர்ஜன் செய்கிறார் என்பதால் வரும் சந்தேகம் இது. எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து அரை கிலோ எடுப்பது இந்தச் சிகிச்சையில் சாதாரணம். சிலருக்கு ஒரு கிலோவையும் தாண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை ஒரு துணிப்பையில் போட்டு, கழுத்தில் முன்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு துணி மடித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பிடரி பேச ஆரம்பித்துவிடும். அந்தப் பையைக் கழற்றி வைக்க வழியே இல்லை என்றால் எப்படி இருக்கும்? நான் 13 வயதிலிருந்து அப்படித்தான் இருந்தேன்.

வடிவம் மாறுவதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பலருக்குக் காரணம் இரண்டும் கலந்தேதான் இருக்கும். ஆனால் எதற்கு எத்தனை பங்கு என்று உங்களுக்குள்ளேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தழும்பைப் பற்றி யோசிக்கும்போது அந்தக் கணக்கு தேவைப்படும்.

எனக்கு முதுகு வலி இருக்கு. அது மார்பாலதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மார்பின் எடையால் வரும் வலி பெரும்பாலும் கழுத்து, தோள்பட்டையின் மேல்பக்கம், இரண்டு தோள் எலும்புகளுக்கு நடுவே என்று முதுகின் மேல்பாதியில்தான் இருக்கும். பொழுது ஏற ஏற அதிகமாகும், மல்லாந்து படுத்தால் குறையும். இரண்டு கையாலும் மார்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘அப்பாடா’ என்று மூச்சு வந்தால் அது ஒரு தடயம். இடுப்புக்குக் கீழே வலித்து, காலுக்கு இறங்கினால் அதற்குக் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

வலி தவிர மற்ற அடையாளங்களும் உண்டு. பிரா பட்டை அழுத்தித் தோளில் பள்ளம் விழுவது, மார்புக்கு அடியில் உள்ள மடிப்பில் வியர்வை தங்கித் தோல் சிவந்து புண்ணாவது, பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருவது, ஓட முடியாமல் போவது. சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும், அடிக்கடி தலைவலி வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த நேரம் வலித்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எந்த வேலையைத் தள்ளிப்போட்டேன். என் நோட்டில் அதிகம் இருந்தது வலி இல்லை, ‘போகவில்லை’ என்ற வார்த்தைதான். நீச்சலுக்குப் போகவில்லை, நடக்கப் போகவில்லை.

நல்ல பிரா போட்டா சரியாகிடும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் சரியாகும், முயற்சி செய்யாமல் விடாதீர்கள். பிராவில் எடையைத் தாங்க வேண்டியது தோள்பட்டைப் பட்டை இல்லை, உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டை. பெரிய கப் கிடைக்கவில்லை என்று அடிப்பட்டையைத் தளர்வாக வாங்குகிறோம். அது முதுகில் மேலே ஏறிக்கொள்ளும், முழு எடையும் தோளுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளே இரண்டு விரல் போகும் இறுக்கம் போதும்.

உடற்பயிற்சியால் மார்பு சிறிதாகாது, அதற்குள் தசை கிடையாது. பால் சுரப்பியும் கொழுப்பும் இணைப்புத் திசுவும்தான். ஆனால் முதுகுத் தசை பலப்பட்டால் தாங்கும் சக்தி கூடும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது உதவும். நான் பிசியோதெரபிக்கு எட்டு மாதம் போனேன். போன நாட்களில் வலி குறைந்தது, விட்டதும் திரும்பி வந்தது. எடை அப்படியே இருக்கும்போது வேறென்ன நடக்கும்? ஆய்வுகளிலும் இதே கதைதான்: பிரா, பயிற்சி, வலி மாத்திரை எல்லாம் தற்காலிகமாகக் கைகொடுக்கின்றன, நிலையான நிம்மதி அறுவை சிகிச்சையில்தான் அதிகம்.

க்ரீம், மசாஜ், மாத்திரை ஏதாவது இருக்கா?

மார்பைச் சிறிதாக்கும் க்ரீம் எதுவும் கிடையாது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இளைச்சா மார்பும் இளைக்குமே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?

யாருக்கு இளைக்கும் என்பதுதான் விஷயம். மார்பில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு எடை குறைந்தால் அளவும் குறையும். சுரப்பித் திசு அதிகம் உள்ளவர்களுக்கு, முக்கியமாக இளம் வயதில், முகமும் இடுப்பும் இளைத்துப்போகும், மார்பு மட்டும் அசையாமல் இருக்கும். நான் 11 கிலோ குறைத்தேன். பிராவில் அடிப்பட்டை அளவு குறைந்தது, கப் அப்படியே இருந்தது.

எடை குறைக்கும் எண்ணம் உங்களுக்கே இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு ஆறு மாதமாவது எடை ஒரே நிலையில் நின்ற பிறகு செய்வது நல்லது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிறைய இளைத்தால் வடிவம் தொய்ந்துவிடும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ) அதிகமாக இருந்தால் காயம் ஆறுவதில் சிக்கல் கூடும் என்பதால் சில சர்ஜன்கள் 30 என்றும் சிலர் 35 என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். எடை குறைக்க ஊசி போடுகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கம் கொடுக்கும்போது அது ஆபத்து.

‘முதலில் இளைத்துவிட்டு வா’ என்று மட்டும் சொல்லி, தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிய ஒரு மருத்துவரை நானும் சந்தித்திருக்கிறேன். அப்படி அனுப்பினால் இன்னொருவரைப் பாருங்கள்.

ஆபரேஷன்ல சரியா என்னதான் செய்வாங்க?

முழு மயக்கத்தில், பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சர்ஜன் பேனாவால் உடம்பில் கோடு போடுவார். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், கோடு தப்பாகிவிடும். எனக்கு முக்கால் மணி நேரம் போட்டார். அளவுநாடா, கோணம் எல்லாம் வைத்து, தையற்காரர் மாதிரி.

உள்ளே நடப்பது இதுதான். காம்புக்கு ரத்தமும் நரம்பும் போகும் ஒரு திசுப் பாலத்தை விட்டுவைப்பார்கள். சுற்றியுள்ள சுரப்பி, கொழுப்பு, அதிகப்படித் தோல் ஆகியவற்றை எடுப்பார்கள். காம்பை அந்தப் பாலத்தோடு சேர்த்து மேலே நகர்த்தி, மீதித் திசுவைச் சுற்றி அணைத்துத் தைப்பார்கள். பாலம் கீழிருந்து வருகிறதா, மேல் உள்பக்கத்திலிருந்து வருகிறதா என்பது சர்ஜனுக்கு சர்ஜன், உடம்புக்கு உடம்பு மாறும். தோலில் வெட்டும் வடிவம் வேறு கணக்கு. கருவட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, மார்படி மடிப்பில் ஒரு கோடு என்று நங்கூரம் மாதிரி வருவது பழைய, இன்றும் அதிகம் செய்யப்படும் வடிவம். 1956ல் ராபர்ட் வைஸ் அந்த அளவுமாதிரியை வெளியிட்டார். மடிப்புக் கோடு இல்லாமல் வட்டமும் ஒரு செங்குத்துக் கோடும் மட்டும் உள்ள முறையும் உண்டு, மிதமான அளவுக்கு அது ஒத்துவரும்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது ஒரு இரவு வைத்திருப்பார்கள்.

காம்பைக் கழட்டித் திரும்ப ஒட்டுவாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

எல்லோருக்கும் இல்லை. மேலே சொன்ன திசுப் பாலம்தான் வழக்கம். மார்பு மிக மிகப் பெரிதாக, மிகவும் கீழே இறங்கியிருந்தால் பாலம் அவ்வளவு நீளத்துக்கு ரத்தம் கொண்டுபோகாது. அப்போது காம்பைத் தனியாக எடுத்து, தோல் ஒட்டு வைப்பது போல் புது இடத்தில் வைப்பார்கள். அப்படிச் செய்தால் அந்தக் காம்பு வழியாகப் பால் கொடுக்க முடியாது, தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும், நிறம் திட்டுத்திட்டாகலாம். உங்களுக்கு எது என்பதை முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்.

வெட்டு இல்லாம லிப்போசக்‌ஷன் மட்டும் பண்ணிக்க முடியாதா?

கொழுப்பு அதிகமாகவும் தோல் இறுக்கமாகவும் இருந்தால் முடியும். குழாய் உறிஞ்சுவது கொழுப்பை, சுரப்பியை அல்ல. தொய்வையும் அது தூக்கி நிறுத்தாது. காம்பு கீழே பார்த்தபடி இருந்தால் பிறகும் அப்படியேதான் இருக்கும். எடை குறைந்தால் போதும், வடிவம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, தழும்பே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி.

தழும்பு எவ்வளவு தெரியும்? பயமா இருக்கு.

தெரியும். ‘கண்ணுக்கே தெரியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதம் சிவப்பாக, கொஞ்சம் தடித்து, அரிப்போடு இருக்கும். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்தில் மங்கித் தட்டையாகும். எனக்குச் செங்குத்துக் கோடு இன்று நூல் மாதிரி. மடிப்பின் இரண்டு ஓரங்களிலும், அக்குளுக்குப் பக்கத்தில், இன்னும் பழுப்பாக ஒரு கயிறு மாதிரி தடவினால் தெரிகிறது. கண்ணாடியில் அது எனக்குத் தெரியும், உடைக்குள் யாருக்கும் தெரியாது.

கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தழும்பு தடிக்கவும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டு வரவும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில், பழைய காயத்தில் அப்படி வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அம்மா, அக்கா தங்கைகளுக்கும் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் செய்யவே கூடாது என்று அர்த்தமில்லை. தழும்பின்மேல் ஒட்டும் சிலிகோன் பட்டை, ஸ்டீராய்டு ஊசி என்று முன்கூட்டியே திட்டம் போட வேண்டும்.

முதல் கேள்வியில் பிரித்து வைக்கச் சொன்ன கணக்கு இங்கேதான் வேலைக்கு வரும். வலி போக வேண்டும் என்று செய்துகொண்டவர்கள் தழும்பைப் பற்றி அதிகம் புலம்பி நான் பார்த்ததில்லை. குறையே இல்லாத வடிவம் வேண்டும் என்று போனவர்களைத்தான் அது உறுத்துகிறது.

எந்த வயசுல பண்ணலாம்? என் பொண்ணுக்கு 16.

வளர்ச்சி நின்றிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதனால் 18 என்பது பொதுவாகச் சொல்லப்படும் வயது. பிரா அளவு ஒரு வருடமாவது மாறாமல் இருந்தால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பருவ வயதில் கட்டுக்கடங்காமல் வளரும் சில பிள்ளைகளுக்கு அதற்கு முன்னாலேயே செய்வதுண்டு; பின்னால் மறுபடி வளரக்கூடும் என்று தெரிந்துகொண்டே செய்வார்கள். 16 வயதுப் பெண்ணுடன் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள்: சிறிது நேரம் அறையை விட்டு வெளியே வாருங்கள். அம்மா முன்னால் சொல்லாததை அவள் மருத்துவரிடம் சொல்லக்கூடும்.

மேல்வரம்பு என்று ஒன்று இல்லை. உடல்நிலை மயக்க மருந்தைத் தாங்கினால் அறுபதைத் தாண்டியவர்களும் செய்துகொள்கிறார்கள்.

குழந்தை பெத்த அப்புறம் பண்ணலாமா, முன்னாடியேவா? பால் கொடுக்க முடியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் ஒரு வரியில் பதில் எதிர்பார்க்கிறார்கள், ஒரு வரியில் பதில் கிடையாது. பால் வர மூன்று வேண்டும்: சுரப்பி, அதிலிருந்து காம்புக்கு வரும் குழாய்கள், குழந்தை உறிஞ்சும்போது மூளைக்குச் செய்தி சொல்லும் நரம்பு. அறுவை சிகிச்சை மூன்றிலும் கை வைக்கிறது. காம்புக்கு நேர் அடியில் உள்ள திசுத் தூணை முழுதாக விட்டுவைக்கும் முறைகளில் பால் கொடுக்க முடிந்தவர்கள் அதிகம். அதை வெட்டிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. பலருக்குப் பால் வரும், ஆனால் முழுப் பசிக்கும் போதாமல் கூடவே வேறு பாலும் கொடுக்க வேண்டியிருக்கும். மார்பு மிகப் பெரிதாக இருக்கும் பெண்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே பால் கொடுப்பதில் சிரமம் உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கர்ப்பமும் தாய்ப்பாலும் அளவையும் வடிவத்தையும் மாற்றும். ஆகவே ஓரிரு வருடத்தில் குழந்தை என்று திட்டம் இருந்தால் காத்திருப்பது புத்திசாலித்தனம். பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகு செய்வார்கள். குழந்தை எப்போது என்றே தெரியாது, வலியோ தினமும் என்றால், வராத ஒன்றுக்காகப் பத்து வருடம் சுமக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் 29 வயதில், குழந்தைக்கு முன்பு செய்துகொண்டேன். ‘பால் முக்கியமில்லையா’ என்று கேட்டவர்கள் உண்டு. முக்கியம்தான், அதனால்தான் திசுத் தூணை விட்டுவைக்கும் முறை எது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தேன்.

காம்புல உணர்ச்சி போயிடுமா?

முதல் சில மாதங்கள் மரத்திருக்கும், அல்லது துணி பட்டாலே கூசும். பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி மட்டும் திரும்பும், சிலருக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மார்பு கனத்தில் நரம்பு இழுபட்டு முன்பே உணர்ச்சி மங்கிப்போனவர்கள் சிலருக்குப் பிறகு கூடுதலாகிறது. தாம்பத்தியத்தில் இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வெட்கப்படாமல் சர்ஜனிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிது இல்லை.

‘பி’ கப் வேணும்னு சொன்னா செய்வாங்களா?

எந்த நல்ல சர்ஜனும் கப் எழுத்தை உறுதி சொல்ல மாட்டார். அந்த எழுத்து ஒரு அளவே இல்லை, அடிப்பட்டையோடு சேர்ந்துதான் அதற்கு அர்த்தம். 32ல் உள்ள ‘டி’யும் 38ல் உள்ள ‘டி’யும் ஒரே கொள்ளளவு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாறும். காம்புக்கு ரத்தம் போக எவ்வளவு திசு தேவையோ அதற்குக் கீழே குறைக்கவும் முடியாது.

எழுத்துக்குப் பதில் படம் காட்டுங்கள். உங்கள் உயரமும் தோள் அகலமும் உள்ளவர்களின் படமாக இருக்கட்டும். ‘தட்டையாகிவிடக் கூடாது’, ‘திரும்ப வளர்ந்தாலும் சிறியதாகவே இருக்க வேண்டும்’ என்று வார்த்தையில் சொல்வதும் உதவும். வலிக்காகச் செய்கிறவர்களிடம் நான் சொல்வது: கூச்சப்பட்டுக் கொஞ்சமாகக் கேட்காதீர்கள். ‘இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட குறை.

என்னென்ன தப்பு நடக்கலாம்? நேரடியா சொல்லுங்க.

சிறியவை நிறைய நடக்கும், பெரியவை அபூர்வம். 2005ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 43 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. எண் பயமுறுத்தும், ஆனால் அதில் அதிகம் இருந்தது காயம் ஆறத் தாமதமானதுதான். நங்கூர வடிவில் செங்குத்துக் கோடும் மடிப்புக் கோடும் சந்திக்கும் இடத்தில் இழுவிசை அதிகம். அங்கே தையல் பிரிவது மிகச் சாதாரணம். எனக்கு 17வது நாள் அங்கே சுண்டுவிரல் நுனி அளவுக்குத் திறந்துகொண்டது. அர்த்த ராத்திரியில் அழுதுகொண்டே போன் செய்தேன். ‘இது எதிர்பார்த்ததுதான், ஈரமான டிரெஸ்ஸிங் வையுங்கள்’ என்றார்கள். மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது.

தொற்று, ரத்தக்கட்டு, நீர் கட்டுவது, இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது, கொழுப்புத் திசு செத்துக் கட்டியாக நிற்பது ஆகியவையும் உண்டு. ரத்தக்கட்டு பெரிதானால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். அபூர்வமானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: காம்புக்கு ரத்தம் போகாமல் ஒரு பகுதியோ முழுவதுமோ கறுத்து இழக்க நேரலாம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, மயக்க மருந்தின் ஆபத்து ஆகியவை எந்தப் பெரிய அறுவை சிகிச்சைக்கும் பொது. கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் சொல்லிவிடுங்கள், உறையும் வாய்ப்பை அவை கூட்டும்.

புகைப்பிடிப்பவர்கள் முன்னும் பின்னும் நான்கு வாரமாவது முழுக்க விட வேண்டும். நிகோடின் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், மேலே சொன்ன திசுப் பாலம் உயிரோடு இருப்பதே அந்தக் குழாய்களால். நிகோடின் பட்டையும் சூயிங்கமும்கூட ஆகாது. பொய் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், சிலர் பரிசோதனை செய்துதான் தேதியே கொடுப்பார்கள்.

புற்றுநோய் வருமா? இல்ல, குறையுமா?

இந்த அறுவை சிகிச்சையால் புற்றுநோய் வருவதில்லை. திசு குறைவதால் வாய்ப்பு ஓரளவு குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதற்காகச் செய்யும் சிகிச்சை இது அல்ல; வழக்கமான பரிசோதனைகள் தொடர வேண்டும். 40 வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், முன்பே மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுப்பார்கள். எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அரிதாக, யாரும் எதிர்பாராத புற்றுநோய் அதில் தெரிவதும் உண்டு.

பிறகு எடுக்கும் மேமோகிராமில் தழும்பும், செத்த கொழுப்பில் படிந்த சுண்ணாம்புப் புள்ளிகளும் தெரியும். ஒவ்வொரு முறையும் அறுவை சிகிச்சை நடந்ததைச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், ‘ஆபரேஷன் கட்டிதான்’ என்று நீங்களே முடிவுகட்டாமல் காட்டுங்கள்.

எத்தனை நாள் படுக்கை? வீட்டு வேலை எல்லாம்?

படுக்கை என்று ஒன்று இல்லை, அன்று மாலையே நடக்க வைப்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். கனம் தூக்குவது, தரை துடைப்பது, ஓடுவது எல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் கூடாது. சின்னக் குழந்தை உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ‘தூக்கு’ என்று கை நீட்டும் குழந்தையிடம் தையலைப் பற்றி விளக்க முடியாது. முதல் இரண்டு வாரத்துக்காவது ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, இறுக்கமும் எரிச்சலும்தான். தும்மல் வந்தால் மட்டும் உயிர் போகும், ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்மினேன். மல்லாந்துதான் தூங்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் சட்டைகளும், தோள் உயரத்துக்கு மேல் கை போகாமல் எடுக்கும்படி வைத்த பொருட்களும் கைகொடுக்கும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவை ரத்தப்போக்கைக் கூட்டலாம். மருத்துவர் நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்துங்கள், இதயத்துக்காக எழுதிக்கொடுத்ததை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் மாதத்தில் மார்பு மேல்பக்கம் உப்பி, பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதம் வரை ஆகலாம், அதற்குள் வடிவத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். விலை கூடிய பிராவும் அதற்குள் வாங்காதீர்கள்.

திரும்ப வளர்ந்துடுமா?

வெட்டி எடுத்தது திரும்பி வராது. மீதமிருப்பது எடை கூடினாலோ, கர்ப்பத்திலோ, ஹார்மோன் மாற்றத்திலோ பெருக்கும். வயதாக ஆகத் தொய்வும் வரும். வளர்ச்சி நிற்கும் முன் செய்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதை வயது பற்றிய கேள்வியில் சொன்னேன்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் மாறும். கொடுக்கும் இடங்களில் மருத்துவத் தேவை என்று நிரூபிக்கச் சொல்வார்கள்: சில மாதங்கள் மற்ற வழிகளை முயன்ற பதிவு, தோல் புண்ணுக்குச் சிகிச்சை பெற்ற சீட்டு, படங்கள். எத்தனை கிராம் எடுக்கப்படும் என்பதற்கும் வரம்பு வைப்பார்கள். 1991ல் ஷ்னுர் என்ற சர்ஜன் வெளியிட்ட, உடலின் மேற்பரப்பு அளவை வைத்துக் கிராம் சொல்லும் அட்டவணையைச் சில நிறுவனங்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிறிய உடம்பில் 350 கிராம்கூடப் பெரிய பாரம் என்பது ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புரிவதில்லை. இரண்டு வாரம் எழுதச் சொன்ன நோட்டு இங்கேயும் உதவும். ஒரு முறை மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்?

பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பட்டமும் பதிவும் உள்ளவரா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இதை எத்தனை பேருக்குச் செய்கிறார், என் உடம்புக்கு எந்த முறை, ஏன், தையல் பிரிந்தால் யாரைக் கூப்பிடுவது, சரிசெய்யும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்று கேளுங்கள். படம் காட்டச் சொல்லும்போது நன்றாக வந்ததை மட்டும் இல்லாமல் சுமாராக வந்ததையும் காட்டச் சொல்லுங்கள். என்னுடைய சர்ஜன் ஒரு மோசமான தழும்பைத் தானாகவே காட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். அன்றைக்கே முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுல ‘இயற்கையா வந்த உடம்பை ஏன் வெட்டணும்’னு சண்டை. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

வாதம் செய்து ஜெயிப்பது கஷ்டம். என் அம்மா இரண்டு வருடம் அதையே சொன்னார். ஒரு நாள் தோளில் பட்டை அழுத்திய பள்ளத்தில் அவர் விரலை எடுத்து வைத்தேன். விரல் பாதி உள்ளே போனது. அதற்கப்புறம் அவர் எதிர்த்துப் பேசவில்லை, ஆதரிக்கவும் இல்லை. அறுவை சிகிச்சை அன்று மட்டும் கூட வந்து உட்கார்ந்திருந்தார்.

கணவரோ காதலரோ வேண்டாம் என்றால், கூடவே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பயமா, அறியாமையா, ‘எனக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்பதா என்று அங்கே தெரிந்துவிடும். கடைசி வகைக்கு என்னிடம் மருந்து இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: அவர் சொன்னார், இவர் கிண்டல் செய்தார் என்று செய்யப் போகிறவர்களை நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன்.

எனக்கு வலி அதிகம் இல்ல. எல்லாரும் பாக்குறதுதான் தாங்கல. அதுக்காகப் பண்ணலாமா?

எனக்கே பதில் சொல்லச் சிரமமான கேள்வி. பார்க்கிறவர்கள்மேல்தான் தப்பு, உங்கள் உடம்பின்மேல் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் தெருவில் நடக்கும்போது உதவாது என்று எனக்கும் தெரியும். யாருமே இல்லாத தீவில் இருந்தாலும் இதைச் செய்துகொள்வேனா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஓடுவதற்கு, குப்புறப் படுப்பதற்கு, பிடித்த சட்டை போடுவதற்கு என்று உங்களுக்கான காரணம் ஒன்றாவது வந்தால் சர்ஜனைப் பார்ப்பதில் தவறில்லை. ஒன்றுமே வராவிட்டால் முதலில் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். சின்ன மார்போடு போனாலும் பார்க்கிறவன் பார்ப்பான்.

தேதி குறிச்சாச்சு, இப்ப நடுங்குது. ரத்து பண்ணினா அசிங்கமா?

இல்லவே இல்லை. முதல் முறை நானும் ரத்து செய்தேன், மூன்று நாள் இருக்கும்போது. காரணம் சொல்ல ஒரு பெரிய கதை தயார் செய்து வைத்திருந்தேன். போன் எடுத்த பெண் கதையைக் கேட்கவே இல்லை. ‘வேறு தேதி பார்க்கட்டுமா மேடம்?’ என்று மட்டும் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து, அதே எண்ணுக்கு நானே கூப்பிட்டேன்.